டிராக்டர் எண்ணெயும் தொழிலாளி உயிரும்



போன மாதம் ஜார்ஜ்டவுனில் சங்க வேலையாகப் போயிருந்தபோது, லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் கொஞ்ச நேரம் சுற்றினோம். ஒரு கிழவரின் சாக்கு விரிப்பில், அட்டை போய், கறை படிந்து, ஒரு புத்தகம் கிடந்தது. மாஸி பெர்குசன் 135 டிராக்டரின் கையேடு. ஐந்து வெள்ளி சொன்னார். மூன்று வெள்ளிக்குக் கொடுத்தார். "வண்டி இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டார். வண்டி இல்லை, வண்டியால் வந்த வழக்குத்தான் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தோம். ஆனால் அது சிரிக்கிற சங்கதி இல்லை.

2017-ஆம் ஆண்டு மழைக்காலம். தென் செபராங் பிறையில் ஒரு செம்பனைத் தோட்டம். பெயர் இங்கே வேண்டாம். காலைப் பெரட்டு முடிந்து, உரம் போடும் பெண்கள் எட்டுப் பேர் டிரேலரில் ஏறினார்கள். உர மூட்டைகளும் அதே டிரேலரில்தான். மூட்டைக்கு ஒரு வண்டி, மனுசருக்கு ஒரு வண்டி என்ற வழக்கம் அங்கே கிடையாது. பெரிய பாரிட்டின் மேல் போட்ட பாலத்தைத் தாண்டி வண்டி இறங்கும்போது, டிரைவர் தம்பி பிரேக்கை மிதித்தார். வலது சக்கரம் பிடித்தது. இடது சக்கரம் பிடிக்கவில்லை. வண்டி வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போய், முன் சக்கரம் பாரிட்டின் மேல் தொங்க, செம்பனை அடிமரம் ஒன்றில் மோதி நின்றது. மரம் இல்லாவிட்டால் எட்டுப் பெண்களும் மூட்டைகளோடு தண்ணீருக்குள் போயிருப்பார்கள். பயத்தில் குதித்த ஒரு அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது. 

அன்று மாலையே ஆபீசில் அறிக்கை தயார். "டிரைவரின் கவனக்குறைவு." இரண்டே வார்த்தை. 

தகவல் வந்து நாம் போனபோது அந்தத் தம்பி லயத்து வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நான் மெதுவாத்தான் வந்தேன். பிரேக்கு இடப்பக்கம் ரொம்ப நாளாவே ஒழுங்கா புடிக்கல. பிட்டர்கிட்ட சொன்னேன். எண்ணெய் ஊத்திக்கிட்டு ஓட்டுன்னாரு. வாரத்துக்கு ஒரு லிட்டர் ஸ்டோர்ல வாங்கி ஊத்திக்கிட்டுத்தான் ஓட்டினேன்" என்றார். 

எந்த எண்ணெய், எங்கே ஊத்தினாய் என்று கேட்டோம். பின்னால் கியர் பெட்டிக்கு என்றார். அந்த ஒரு பதிலில் வழக்கு முடிந்துவிட்டது தோழர்களே, நிர்வாகத்துக்கு அது தெரியாமல் இருந்தது. சங்கத்துக்கு வருமுன் நான்கு ஆண்டுகள் தோட்டத்துப் பட்டறையில் பிட்டருக்கு எடுபிடியாக ஸ்பானர் தூக்கியவர்கள் நாம். தோட்டப் பள்ளியில் படித்ததைவிட அந்தப் பட்டறையில் படித்தது அதிகம்.

சங்கதி இதுதான். இன்ஜின் எண்ணெய் குறைந்தால் அது புகையோடு எரிந்தும் போகலாம், வெளியே கசிந்தும் போகலாம். கியர் பெட்டி, பின் அச்சு எண்ணெய் எரிந்து போக வழியே இல்லை. அங்கே நெருப்பு கிடையாது. அது குறைகிறது என்றால் எங்கேயோ வெளியே வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். வாரத்துக்கு ஒரு லிட்டர் குறைகிறது என்றால், அந்த ஒரு லிட்டர் எங்கே போனது? 

அடுத்த கூட்டத்தில் ஸ்டோர் புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னோம். பதினோரு வாரம், வாரத்துக்கு ஒரு லிட்டர், அதே டிராக்டர் நம்பருக்கு. ஒவ்வொரு வரிக்கும் கிராணியின் கையெழுத்து. ஒருவர்கூட, ஒரு நாள்கூட, "ஏன் இத்தனை எண்ணெய்?" என்று கேட்கவில்லை. ஒரு கிலோ உரம் குறைந்தால் நான்கு பேரை நிற்க வைத்து விசாரிக்கிற நிர்வாகம் அது! பிறகு இடது சக்கரத்தைக் கழற்றச் சொன்னோம். டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருந்து எண்ணெய் வடிந்தது. பிரேக் லைனிங் ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. பதினோரு லிட்டரில் கணிசமான பங்கு எங்கே போனதென்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. "கவனக்குறைவு" என்ற சொல் அறிக்கையில் இருந்து நீங்க மேலும் இரண்டு பேச்சு வார்த்தை தேவைப்பட்டது. அது வேறு கதை. அந்த அக்காவுக்கு சொக்சோ வழியாக வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான தொகை கிடைத்தது. 

இந்த நோய் ஒரு வண்டியின் நோய் அல்ல என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

நம்மில் பலருக்குக் கைபழகிய பழைய டிராக்டர்கள், ஹாரி பெர்குசன் என்பவர் வகுத்த வழியில் வந்தவை. 1946-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தொடங்கி 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாம்பல் நிறப் பெர்குசன்கள் செய்யப்பட்டன. அதன் பின் 35 வந்தது. 1964 கடைசியில் 135 வந்தது. இதே 35-இன் வாரிசுதான் தமிழ்நாட்டில், சென்னைச் செம்பியத்தில், 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் 1035. ஊரில் உறவுக்காரர்கள் வயலில் ஓட்டியதும் இங்கே நாம் குலை ஏற்றியதும் ஒரே குடும்பத்து வண்டி. நல்ல வண்டி, குறை சொல்வதற்கில்லை. ஐம்பது ஆண்டு உழைக்கிற இரும்பு. ஆனால் அதன் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 

35, 135 போன்றவற்றில் கியர், டிஃபரன்ஷியல், பின்னால் கலப்பை தூக்கும் ஹைட்ராலிக் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. பிரேக் அந்த எண்ணெய்க்கு வெளியே, பின் அச்சின் இரண்டு முனையிலும் உலர்ந்த டிரம்முக்குள் இருக்கிறது. நடுவில் காவல் நிற்பது ஒரு ரப்பர் சீல். அந்தச் சீல் தேய்ந்தால் எண்ணெய் அச்சு வழியே நடந்து வந்து பிரேக் மேல் உட்கார்ந்துகொள்ளும். உலர்ந்த பிரேக்கில் எண்ணெய் பட்டால் அது பிரேக் இல்லை.

ஆகவே முதலில் உங்கள் வண்டி எந்தச் சாதி என்று பாருங்கள். (வண்டிக்கு மட்டும் சாதி கேட்கலாம்.) பெடலில் இருந்து இரும்புக் கம்பி நேராகச் சக்கரப் பக்கம் போனால் அது கம்பிப் பிரேக், அதற்குத் தனி பிரேக் எண்ணெயே கிடையாது. "பிரேக்கு எண்ணெய் எங்க ஊத்துறது?" என்று அந்த வண்டியில் தேடுவது வீண். கம்பிப் பிரேக்கிலேயே சில வண்டிகளில் பிரேக் தட்டுகள் அச்சு எண்ணெய்க்குள்ளேயே மூழ்கி வேலை செய்யும். அவற்றுக்கு எண்ணெய் பகை இல்லை, தவறான எண்ணெய்தான் பகை. பெடலில் இருந்து சின்னக் குழாயும், மேலே சிறு டப்பாவும் இருந்தால் அது எண்ணெய் அழுத்தப் பிரேக். அந்த டப்பாவில் என்ன ஊற்றுவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றுக்கு லோரியில் ஊற்றுகிற பிரேக் திரவம், சிலவற்றுக்குக் கனிம எண்ணெய். மூடியில் எழுதியிருக்கும், இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள் ஊதிப் போகும், கெட்டுப் போகும். பட்டறையில் கைக்குக் கிடைத்த இன்ஜின் எண்ணெயை பிரேக் டப்பாவில் ஊற்றிய ஒரு புண்ணியவானை நமக்குத் தெரியும். மூன்றே நாளில் முழு பிரேக்கும் கழற்ற வேண்டி வந்தது.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. மாலையில் வண்டியை நிறுத்தும்போது அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் அட்டை பேசும். பின் சக்கரத்தின் உள்பக்கம், டிரம்மின் கீழ் விளிம்பில் சொட்டு இருந்தால் அச்சுச் சீல். வண்டியின் நடுவில், கிளட்ச் வீட்டுக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அதில் ஒரு பின்னும் தொங்கும். அங்கே கறுப்பாகச் சொட்டினால் இன்ஜின் பின்புறச் சீல், மஞ்சளாகக் கெட்டியாகச் சொட்டினால் கியர் பெட்டி முன்புறச் சீல். அந்தத் துளையை மண்ணடைத்து அடைத்து வைத்தால் எண்ணெய் கிளட்சுக்குப் போகும், அடைக்காதீர்கள். பிரேக் திரவமோ மெல்லியதாக இருக்கும், பட்ட இடத்தில் பெயிண்ட் உரியும், தண்ணீரில் கழுவினால் போய்விடும். எண்ணெய் அப்படிப் போகாது. 

எண்ணெய் பால்காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நம் ஊர் மழைக்குக் கியர் கம்பியின் ரப்பர் கிழிந்திருந்தால் போதும், ஷெட் இல்லாமல் வெளியே நிற்கிற வண்டிக்குள் தண்ணீர் இறங்கிவிடும். மேலே எண்ணெய் சேர்த்து அதைச் சரிசெய்ய முடியாது. முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.

அளவு பார்ப்பதிலும் பலர் தவறு செய்கிறார்கள். மட்டமான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பின்னால் தூக்கும் கைகளைக் கீழே இறக்கிவிட்டு, சில நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். கை மேலே தூக்கி நின்றால் கொஞ்சம் எண்ணெய் மேலே போய் நிற்கும், குச்சி குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து ஊற்றினால் அளவு மிஞ்சும். மிஞ்சினால் என்ன, நல்லதுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை தோழர்களே! மிஞ்சிய எண்ணெய் சூடேறி, அச்சு முனைகளைத் தேடிப் போய்ச் சீலைத் தள்ளும். கியர் பெட்டியின் மூச்சுத் துளை சேற்றால் அடைபட்டிருந்தாலும் இதே கதைதான். கசிகிற சீலுக்கு வாரா வாரம் எண்ணெய் ஊற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. பானைத் தண்ணீராவது தரையில் போகும். இது பிரேக்கில் போகிறது.

எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது, அடுப்பில் வாட்டி மாட்டுவது எல்லாம் பட்டறையில் பார்த்திருக்கிறோம். நாமே செய்தும் இருக்கிறோம். அரை நாள் பிடிக்கும். சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் திரும்ப வெளியே வரும். புது லைனிங்தான் போட வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்குவது. சீல் உட்காரும் இடத்தில் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால், பேரிங் ஆடினால், புதுச் சீலும் நிற்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதுகிற பழக்கம் பட்டறைகளில் உண்டு. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் இருபது, முப்பது ஆண்டு கழித்து நோயாக வரும். ஈரத்துணியால் துடையுங்கள். நமக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பிட்டர் ஐயா ஊதுவார். நாம் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தோம். அன்று யாரும் சொல்லவில்லை.

எண்ணெய் அழுத்தப் பிரேக் உள்ள வண்டிக்காரர்கள் இரண்டு குறிப்பைக் கவனிக்க வேண்டும். பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லாவிட்டாலும் உள்ளே மாஸ்டர் சிலிண்டரின் வளையம் தேய்ந்திருக்கிறது. பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று. டப்பாவில் அளவு குறைகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை, அதே சமயம் பின் அச்சு எண்ணெய் கூடுகிறது என்றால், திரவம் அச்சுக்குள்ளே இறங்குகிறது. அந்த வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். லோரியில் ஊற்றும் பிரேக் திரவம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும் குணமுடையது. நம் சீதோஷ்ணத்தில் திறந்து வைத்த புட்டி மாதக்கணக்கில் கிடந்தால் அது பிரேக் திரவம் அல்ல, பாதித் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் அந்தத் தண்ணீர் கொதிக்கும், பெடல் தரையைத் தொடும்.

இடது, வலது என்று இரண்டு பிரேக் பெடல் இருக்கிற வண்டியில் இரண்டையும் சேர்க்கும் கொக்கி ஒன்று இருக்கும். வயலில் குறுகித் திரும்பத்தான் தனித்தனி பெடல். ரோட்டிலும், டிரேலர் இழுக்கும்போதும், கொக்கி மாட்டியே இருக்க வேண்டும். மாட்டினாலும் ஒரு பக்கம் எண்ணெய் பட்டிருந்தால் 2017-இல் நடந்ததுதான் நடக்கும். ஆகவே காலையில் வண்டி எடுத்ததும், யாரையும் ஏற்றுமுன், திறந்த மட்டமான இடத்தில் மெதுவாக ஓட்டி மிதித்துப் பாருங்கள். பின்னால் இறங்கி மண்ணைப் பாருங்கள். இரண்டு சக்கரக் கோடும் ஒரே மாதிரி இழுபட்டிருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

"இங்க எல்லாம் மட்டமான நிலம்தானே, கேமரன் மலையா இது, இவ்வளவு பிரேக் எதுக்கு?" என்று அன்றைய கூட்டத்தில் ஒரு அதிகாரி கேட்டார். மட்டமான நிலம்தான். பாரிட்டுகள் மட்டமாக இல்லையே! குலை ஏற்றிய டிரேலர் பின்னால் இருந்து தள்ளும்போது மட்டமான நிலமும் சரிவாகிவிடும். சுவீடன் நாட்டில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு டிரைவரைக் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின் அங்கே வண்டி கவிழ்ந்து சாகிறவர் தொகை வெகுவாகக் குறைந்தது. நம் பழைய வண்டிகளில் பலவற்றுக்கு அந்தச் சட்டமும் இல்லை, சீட்டுப் பட்டியும் இல்லை. பிரேக் ஒன்றுதான் இருக்கிறது.

இந்த வண்டிகளை ஏன் மாற்றுவதில்லை? பினாங்கில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டென்பது நமது கருத்து. பத்து காவானைப் பாருங்கள். நம் மக்கள் பால் வெட்டிய, குலை சுமந்த மண்ணில் இன்று தொழிற்சாலைகள். 2014-இல் இரண்டாவது பாலமும் அங்கேதான் வந்து இறங்கியது. சுற்று வட்டாரத் தோட்டங்களில் எல்லாம் "எப்ப விப்பாங்களோ" என்ற பேச்சு. விற்கப்போகிற நிலத்தில் ஓடுகிற டிராக்டருக்கு யார் சீல் வாங்கப் போகிறார்கள்? "அடுத்த வருசம் புது வண்டி" என்ற வாக்குறுதி நான்கு வருசம் ஓடும். நிலத்தின் விலை ஏறிக்கொண்டே இருக்கும், வண்டியின் பிரேக் இறங்கிக்கொண்டே இருக்கும். நிலம் கைமாறுகிற நாள் வரைக்கும் அதில் வேலை செய்கிறவர் முழு மனிதர்தான் என்பதை நிர்வாகங்கள் மறந்துவிடுகின்றன.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். "ஊத்திக்கிட்டு ஓட்டுறவன்தான் கெட்டிக்கார டிரைவர்" என்று பாராட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சங்கத்திலும் நாம் கூலிக் கணக்கு, போனஸ் கணக்கு கேட்ட அளவுக்கு எண்ணெய்க் கணக்குக் கேட்டதில்லை. அந்தத் தோட்டத்துக்கு அந்தப் பதினோரு வாரத்தில் நாம் இரண்டு முறை போயிருந்தோம். அந்த டிராக்டர் பக்கத்தில் நின்று டீயும் குடித்தோம். சக்கரத்தின் உள்பக்கம் கறுத்து ஈரமாக இருந்ததை நம் கண் பார்த்தது, வாய் கேட்கவில்லை. 

அன்று இல்லாத ஒரு பலம் இன்று இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், இயந்திரத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று முன்பே சொன்னது. பாதுகாப்பு இல்லை என்று புகார் செய்தவரை அதற்காக வேலையை விட்டு நீக்கக்கூடாது என்பதும் அதில் உண்டு. 2022-இல் திருத்தி, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பிரிவு 26ஏ, உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளிக்குச் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு, அந்த வேலையை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுக்கிறது. முதலாளிக்கான அபராதத்தின் உச்சவரம்பும் ஐம்பதாயிரம் வெள்ளியில் இருந்து ஐந்து லட்சமாக உயர்ந்தது. பிரேக் பிடிக்காத வண்டியில் ஏற மறுப்பது இனி அடங்காமை ஆகாது. ஆனால் "சொன்னேன்" என்பதற்குச் சாட்சி வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போகும். ஒரு இருபது காசுக் காகிதத்தில் தேதி, வண்டி நம்பர், எந்தப் பக்கம் கசிகிறது, எவ்வளவு ஊற்றினேன் என்று எழுதி ஒரு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அட்டையையும் சக்கரத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து மண்டோருக்கும் சங்கத்துக்கும் அனுப்புங்கள். நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பதும் சட்டம். உங்கள் தோட்டத்தில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்கள்.

இன்று பல தோட்டங்களில் டிராக்டரில் உட்கார்ந்திருப்பவர் இந்தோனேசியத் தோழரோ வங்காளதேசத் தோழரோதான். பெர்மிட் போய்விடுமோ என்ற பயத்தில் அவர் இன்னும் அதிகமாக ஊற்றிக்கொண்டு ஓட்டுவார். 2019 ஜனவரி முதல் அவருக்கும் வேலை விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். பின்னால் டிரேலரில் உட்காருகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள். யார் ஓட்டினாலும் பிரேக் ஒன்றுதான்.

அந்தத் தோட்டத்துக்குப் போன வாரம் போயிருந்தோம். பழைய டிராக்டர் ஸ்டோருக்குப் பின்னால் லாலாங் புல்லுக்குள் கிடக்கிறது. புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அதுவும் எங்கோ ஓடிய இரண்டாம் கை வண்டிதான், சின்ன வண்டி. மணிக்கட்டு முறிந்த அக்கா இன்னும் உரம் போடுகிறார். மழைக்கு வலிக்கிறது என்றார். புது வண்டியின் அடியில் குனிந்து பார்த்தோம். சக்கரம் இரண்டும் உலர்ந்திருந்தன. நிமிர்ந்து பெடலைப் பார்த்தோம். கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் கொக்கி இல்லை, உர மூட்டைக் கயிற்றால் இரண்டு பெடலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். "புதுக் கொக்கி சொல்லியிருக்குண்ணே, வரும்" என்றார் டிரைவர். எழுதிக் கொடுத்தாயா என்று கேட்டோம். சட்டைப் பையில் இருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். தேதி இருந்தது, கிராணியின் கையெழுத்தும் இருந்தது. அதற்கு வயது ஒன்பது நாள். அன்று மாலை ஆபீசுக்குப் போய் அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் பேசினோம்.